கதைப்பதில்லை என்றுதான் சொன்னேன்

கொட்டாஞ்சேனை
2025 செப்டெம்பர் 4

மதிப்புக்குரிய ஸமீம் நாநா அவர்களுக்கு,

முதலில் என் எழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நான் வேலை செய்த ஒருகொடவத்தை யார்டில் யாரோ அவசரமாக இறக்கிவிட்டுப் போன கொள்கலன்கள் மாதிரி ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நிற்கும். 'ழ' எழுதும்போது பேனை தன்பாட்டில் ஒரு சுற்றுக் கூடச் சுற்றிவிடுகிறது. பொறுத்து வாசியுங்கள்.

தங்கையாவுக்கு எழுத எப்போது தெரிந்தது என்று கேட்பீர்கள். லிஃப்ட் நின்ற பிறகு ஏழாம் மாடியிலிருந்து அடிக்கடி இறங்கி ஏற முடியாமல் வீட்டிலேயே இருந்தேன். மருமகள் சுபாஷினி, "சும்மா இருக்கிற நேரம் அ, ஆ எழுதிப் பாருங்க மாமா" என்றாள். அப்படித் தொடங்கியது. இப்போது எழுத்து என்று எதைக் கண்டாலும் விடுவதில்லை. நேற்று சவர்க்காரம் சுற்றி வந்த கடதாசியை இரண்டு பக்கமும் வாசித்தேன். நன்றாக இருந்தது.

இது என் முதல் கடிதம். யாருக்கு எழுதலாம் என்று யோசித்தேன். மற்ற எல்லோருடனும் வாயால் கதைத்துவிடுகிறேன். நான் கதைக்காமல் இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

நீங்கள் பாமன்கடைக்கு வீடு மாறிய அன்று, மூன்றாம் மாடிப் படி வளைவில் நின்று, இனி உங்களோடு கதைப்பதில்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லில் மாற்றமில்லை. ஆனால் எழுதுவதில்லை என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு எழுதத் தெரியாது. இல்லாத ஒன்றை எப்படி விடுவது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் தொடர்மாடிச் சங்கத்திடம் இருக்கிற நிதி இந்த வருஷம் ஒரு வேலைக்குத்தான் காணும். கீழ்த்தளத்து நாகேந்திரம் ஐயா வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடித்து, வாசலுக்குப் புதிய கேட் போட வேண்டும் என்கிறார். மேல்மாடிக்காரர் நாங்கள் லிஃப்ட் என்கிறோம். ஒக்டோபர் ஐந்தாம் திகதி கூட்டம். இரண்டு பக்கமும் திரையில் படம் போட்டு விளக்க வேண்டும். பிறகு கை தூக்கி முடிவு. இதற்குப் பெயர் பிரசன்டேஷன்.

எங்கள் பக்கம் பேச ஆள் தெரிவு செய்யும் கூட்டம் கீழே நடந்தது. நான் படி இறங்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் போகவில்லை. வராத ஆளையே தெரிவு செய்துவிட்டார்கள்.

பஞ்சிப்பட்டேன் என்று விளையாட்டாக எழுதினாலும், என் வீட்டுக்காரி இராமலெட்சுமிக்கு அது விளையாட்டில்லை. போன வருஷ வெசாக் பண்டிகையில் லிஃப்ட் நின்றது. அவளுடைய முழங்கால் வலியோடு அவள் அதற்குப் பிறகு தன் காலால் தெருவுக்கு இறங்கவில்லை. இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். மற்ற நாளெல்லாம் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி, தெருவில் வரும் பாண்காரனிடம் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்குகிறாள். இந்த வருஷமும் தவறினால் அவள் கதி என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கோ பேசிப் பழக்கமில்லை. யார்டில் கிரேன்காரருக்கு ஏற்று, இறக்கு, நிற்பாட்டு என்று கையால் காட்டுவதுதான் என் தொழிலாக இருந்தது. அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையே இல்லை. நீங்களோ புறக்கோட்டை நடைபாதையில் துணி விற்றவர். பஸ்ஸுக்கு ஓடுகிறவனை மறித்து சேர்ட் வாங்க வைத்தவர். கூட்டத்தைப் பிடித்து நிறுத்துவது எப்படி என்று எழுதுங்கள்.

இது கேள்வி மட்டும்தான். சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கையா


பாமன்கடை
2025 செப்டெம்பர் 10

திரு. தங்கையா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் என்று தொடங்கத்தான் கை வந்தது. பிறகு, கோபத்தில் இருக்கிறோம் என்று நினைவு வந்தது.

உங்கள் கடிதத்தை வாசிக்க எனக்கு அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் பிடித்தது. என் மனைவி ருக்கியா ஒரு வரி, நான் ஒரு வரி. அவள், "இவரா எழுதினது, மெய்யாவா?" என்று மூன்று தரம் கேட்டாள். மகிழ்ச்சி என்று சொன்னதாகவும் எழுதச் சொன்னாள். அது அவள் சொன்னது, நான் இல்லை.

என் அலுமாரியின் கண்ணாடி இன்னும் இல்லை. அதற்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்துத்தான் தாடி வாருகிறேன். படியில் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்த அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று, ஏதோ துறைமுகத்தில் நிற்கிற மாதிரி நீங்கள் கை காட்டினீர்கள். யோகராஜ் உங்களோடு கிரேன் ஓட்டினவன். உங்கள் கை போன பக்கம் போனான். மற்ற மூன்று பேரும் படி போன பக்கம் போனார்கள். பாவம், கண்ணாடி எந்தப் பக்கம் போகும்?

ஆகவே என் முதலாவது அறிவுரை: மேடையில் உங்கள் இரண்டு கையையும் பொக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே எடுக்கவே வேண்டாம்.

கேட்டதற்காக மற்றதையும் சொல்கிறேன். எனக்குப் பேசத் தெரியாது, பிழை இருந்தால் மன்னியுங்கள் என்று தொடங்காதீர்கள். சேர்ட்டில் ஓட்டை இருக்கிறது என்று கூவி யாராவது விற்பானா? தலையாட்டுகிறவனைப் பார்த்துப் பேசாதீர்கள், அவன் ஏற்கனவே வாங்கிவிட்டான். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பாருங்கள். என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் கேளுங்கள். கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். வியாபாரம் கெடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு பேசுவதால்தான்.

நானும் கதைக்கவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

ஸமீம்


கொட்டாஞ்சேனை
2025 செப்டெம்பர் 16

ஸமீம் நாநாவுக்கு,

உங்கள் கடிதத்தை நானே வாசித்தேன். ஒருவருடைய உதவியும் இல்லை. திட்டி எழுதிய இடத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். எனக்கென்று ஒருவர் எழுதித் திட்டியது இதுதான் முதல் தடவை.

இங்கே பயிற்சி நடக்கிறது. சுபாஷினி வெள்ளவத்தையில் வேலை செய்கிற கந்தோரில் மாதாமாதம் பிரசன்டேஷன் செய்கிறவள். எனக்குப் படங்கள் செய்து தந்திருக்கிறாள். அவற்றை ஸ்லைட் என்கிறார்கள். ஒரு ஸ்லைட்டில் நாலு சொல்லுக்கு மேல் கூடாதாம். ஸ்லைட்டை வாசிக்கவும் கூடாதாம். கூட்டத்தைப் பார்த்துப் பேச வேண்டுமாம்.

அங்கேதான் கஷ்டம். எழுத்தைக் கண்டால் என்னால் விட முடிவதில்லை. 'லிஃப்ட் நமது உரிமை' என்று திரையில் வந்தது. வாசித்தேன். அடியில் இருந்த பக்க இலக்கத்தை வாசித்தேன். மூலையில் சின்ன எழுத்தில் ஒன்று வந்தது, அதையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். லெப்டொப்பில் பெற்றரி முடியப்போகிறது என்று போட்டிருந்தது. சுபாஷினி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இராமலெட்சுமியின் முழங்கால் எக்ஸ்ரே ஒரு ஸ்லைட்டாக இருந்தது. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் தலை தூக்கிப் பார்த்தாள். "என் முட்டிய ஊருக்குப் படம் போட்டுக் காட்டப் போறீங்களா? அத எடுங்க. என்னப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. பாவம் பார்த்து எனக்கு ஒருத்தரும் லிஃப்ட் போட வேணாம்." எடுத்துவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால், அவளைப் பற்றிப் பேசாமல் எனக்குப் பேச வேறு என்ன இருக்கிறது?

இன்னொரு சங்கடம். நீங்கள் கையைப் பொக்கெட்டில் போடச் சொல்கிறீர்கள். சுபாஷினியோ கையை விரித்துப் பேச வேண்டும், அப்போதுதான் கொன்ஃபிடன்ஸ் தெரியும் என்கிறாள். நான் யார் சொல்வதைக் கேட்பது? அதோடு, நான் உடுப்பது சாரம். சாரத்துக்குப் பொக்கெட் இல்லை.

கூட்டத்தன்று ஸ்லைட் மாற்றுவதற்கு யோகராஜைப் பிடித்திருக்கிறேன். பழகிய ஆள் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயம் குறையும்.

தங்கையா


பாமன்கடை
2025 செப்டெம்பர் 23

தங்கையாண்ணே,

யோகராஜா? பெயரை வாசித்ததும் என் கண் தானாக அலுமாரிப் பக்கம் போனது.

மருமகன் ஜவாத் அந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் என்னுடைய நீளக் களிசான் ஒன்று கொடுத்து அனுப்புகிறேன். மூத்த மகளின் கல்யாணத்துக்குத் தைத்தது. இரண்டு பக்கமும் ஆழமான பொக்கெட். உங்கள் கை முழங்கை வரை போகும். என் இடுப்புக்கும் உங்கள் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகளின் ஸ்லைட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணால் பார்த்து ஒருவனும் துணி வாங்கினதில்லை. நான் எவ்வளவு கூவினாலும் பார்த்துக்கொண்டே போவார்கள். துணியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டால் நின்றுவிடுவார்கள். கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுப் போக மனிதனுக்கு வெட்கம். கூட்டத்துக்கும் தொட்டுப் பார்க்க ஏதாவது கொடுங்கள்.

லிஃப்டை எப்படிக் கையில் கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் பாடு.

நான் கூட்டத்துக்கு வரமாட்டேன். அந்த வளைவைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

ஸமீம்


கொட்டாஞ்சேனை
2025 ஒக்டோபர் 7

அன்புள்ள நாநா,

எல்லாவற்றையும் சொல்லிவிடும் அவசரத்தில் எழுத்து வழக்கத்தை விட மோசம். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

களிசானைப் போட்டதும் நின்ற இடத்திலேயே இறங்கியது. என்னிடம் பெல்ட் இல்லை. சாரத்துக்கு எதற்கு பெல்ட்? இராமலெட்சுமி வீடு முழுவதும் தேடிவிட்டு, கூடைக் கயிற்றை அவிழ்த்து வந்து, ஏழு மாடி நீளத்தையும் இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டாள். "நிமிர்ந்து நில்லுங்க. அப்பத்தான் கழறாது" என்றாள். சுபாஷினியும் நிமிர்ந்து நிற்கத்தான் சொல்லியிருந்தாள்.

முதலில் நாகேந்திரம் ஐயா பேசினார். சும்மா சொல்லக்கூடாது, அழகாகப் பேசினார். பழைய சுவர் ஒரு படம், பெயின்ற் அடித்த சுவர் ஒரு படம். புதிய கேட் தானாகத் திறந்தது, தானாக மூடியது. முடித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன். சுபாஷினி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பிறகு நான் போனேன். இரண்டு கையும் பொக்கெட்டில். மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் ஸ்லைட் வந்தது. வாசிக்கக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டே வாசித்தேன். பக்க இலக்கத்தோடு. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவதையும் வாசித்தேன். சனம் கதிரையில் அசையத் தொடங்கியது. சுபாஷினி பக்கத்தில் நின்று, கையை விரியுங்கள், கையை விரியுங்கள் என்று வாயசைத்தாள். எனக்குப் பதற்றம். இரண்டு கையையும் பொக்கெட்டிலிருந்து இழுத்து, பக்கவாட்டில் நன்றாக நீட்டி விரித்தேன்.

நாநா, இரண்டு கையையும் அப்படி நீட்டினால் யார்டில் என்ன அர்த்தம் தெரியுமா? ஆபத்து, எல்லாவற்றையும் உடனே நிற்பாட்டு. யோகராஜுக்கு முப்பது வருஷப் பழக்கம். லெப்டொப்பை மூடினான். அது போதாது என்று நினைத்தானோ, எழுந்து ஓடி மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டான்.

ஜன்னல் இல்லாத மண்டபம். முழு இருட்டு.

பிறகு யோகராஜின் குரல் மட்டும் வந்தது. "அண்ணே, நிப்பாட்டிட்டேன். ஒண்ணும் விழலயே?"

சனம் சிரித்தது. எனக்கோ, என்ன ஆச்சரியம், பயம் போய்விட்டது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. வாசிக்க ஓர் எழுத்தும் இல்லை. அப்போது நீங்கள் எழுதியது நினைவு வந்தது, கையில் எதையாவது கொடு என்று. இருட்டில் என்னிடம் இருந்தது இடுப்புக் கயிறு ஒன்றுதான். அவிழ்த்து முன்வரிசையில் இருந்தவரின் கையில் வைத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள் என்றேன். அடுத்த நிமிஷம் களிசான் இறங்கத் தொடங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

யோகராஜ், "அண்ணே, லைட்டப் போடவா?" என்றான்.

"போடாதே" என்று கத்தினேன். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதைப் பிரசன்டேஷனில் ஓர் உத்தி என்று நினைத்துவிட்டார்கள்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் இராமலெட்சுமியைப் பற்றித்தான் பேச வரும், அவளோ கூடாது என்றிருக்கிறாள். கயிறு கைக்குக் கை போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இருட்டில் ஒரு குரல்.

"இந்த முடிச்சு நான் போட்டது."

நாகேந்திரம் ஐயா. மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

"என்ரை ஜன்னலுக்கு நேரே ரெண்டு தரம் அறுந்தது. ரெண்டு தரமும் நான்தான் முடிஞ்சு விட்டனான். பாண்காரன் வராத நாளிலை நான்தான் பாணும் வைக்கிறனான்."

எனக்கு இது தெரியாது நாநா. ஏழாம் மாடியிலிருந்து பார்த்தால் கூடை இறங்குவது தெரியும், யார் வைக்கிறார்கள் என்பது தெரியாது. பாண்காரன் தவறாமல் வருகிறான், முடிச்சும் அவன்தான் போட்டான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பிறகு அவரே சொன்னார். "லிஃப்டை முதல்லை செய்வம். சுவர் எங்கையும் போகாது."

நான் கேட்க வேண்டிய ஒரு வரியை அவர் கேட்டுவிட்டார். நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன்.

கை தூக்கி முடிவு எடுப்பதற்கு லைட் போட வேண்டியிருந்தது. நான் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மண்டபம் முழுவதும் கை எழுந்தது என்று சுபாஷினி சொன்னாள். எழாதது ஒரே ஒரு கை. என்னுடையது. அதற்கு வேறு வேலை இருந்தது.

இப்போது ஒரு குறை. கயிறு திரும்பி வரவில்லை. கடைசி வரிசை வரை போயிருக்கிறது. அங்கே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இராமலெட்சுமி துணி காயப்போடும் கயிறுகளைக் கழற்றி, ஒன்றோடொன்று முடிந்து கூடையில் கட்டியிருக்கிறாள். இருட்டில் கடைசி வரிசைப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. கேட்டுப் பழகின இருமல்.

உங்கள்
தங்கையா


பாமன்கடை
2025 ஒக்டோபர் 13

அன்புள்ள தங்கையாண்ணே,

நான் கூட்டத்துக்கு வரவில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஆகவே நான் வரவில்லை.

ஜவாத்திடம் ஒரு கயிறு தந்து அனுப்புகிறேன். எப்படி என் கைக்கு வந்தது என்று கேட்க வேண்டாம். கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுப் போக மனிதனுக்கு வெட்கம் என்று நான்தானே எழுதினேன். கூடவே ஒரு பெல்ட்டும் வருகிறது. களிசானை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது இனி என் இடுப்பில் நின்றால் எனக்குச் சிரிப்பு வரும்.

இத்தனை வருஷம் கூவி விற்றவன் சொல்கிறேன். வாய் திறக்காமல் விற்ற ஆளை நான் இப்போதுதான் கண்டேன். கேள்விப்பட்டேன் என்று வாசியுங்கள்.

வருகிற வழியில் மூன்றாம் மாடி வளைவுக்கு ஏறிப் பார்த்தேன். ஜவாத் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவில் அலுமாரி திரும்பவே திரும்பாது. அளந்து பார்த்தாயிற்று. எவன் எந்தக் கை காட்டினாலும் கண்ணாடி உடைந்துதான் இருக்கும். இதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

ஆகவே, இனிப் போனில் கதைத்தால் என்ன? இலக்கம் மாறவில்லை. ருக்கியாவும் கேட்கிறாள்.

ஸமீம்


கொட்டாஞ்சேனை
2025 நவம்பர் 14

அன்புள்ள ஸமீம் நாநா,

பதில் தாமதித்ததற்குக் காரணம் லிஃப்ட். ஆட்கள் வந்து வேலை செய்த நாளெல்லாம் நான் கதவடியில் நின்றேன். ஒரு விரலை மேலே நீட்டிச் சுற்றினால் ஏற்று என்று அர்த்தம். என்னை அறியாமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். வேலைக்காரர்களில் ஒருவன், "அய்யா, அது பட்டனுக்குத்தான் கேட்கும்" என்றான்.

நேற்றுக் காலை இராமலெட்சுமி இறங்கினாள். நல்ல சேலை உடுத்தி, தலைவாரிப் பூ வைத்து. லிஃப்டில் மாடி இலக்கம் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கீழே கதவு திறந்தபோது நாகேந்திரம் ஐயா கையில் பாணோடு சுவரடியில் நின்று, மேலே பார்த்துக் கூடைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஓடுவது அவருக்கும் தெரியும், பழக்கம் விடவில்லை. இவள் பின்னால் போய் நின்று, "குடுங்க ஐயா, நானே கொண்டு போறேன்" என்றாள். அவர் திடுக்கிட்டதில் பாண் கீழே விழுந்தது. கயிறு அறுந்த இரண்டு தரத்தோடு சேர்த்து இது மூன்றாம் தரம்.

பிறகு அவள் தெருமுனை வரை நடந்தாள். அங்கிருந்து மேலே வர மாட்டேன் என்றாள். முச்சக்கரவண்டி பிடித்துக் கொச்சிக்கடை வரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டித்தான் கூட்டி வந்தேன்.

நீங்கள் அனுப்பிய கயிற்றை அவள் எறியவில்லை. இன்று காலையும் கூடை இறங்கியது. உள்ளே வடை. நாகேந்திரம் ஐயா வீட்டு ஜன்னலுக்கு. இப்போது கூடை நிறைந்து இறங்குகிறது, வெறுமையாக ஏறுகிறது.

போனில் கதைப்பது பற்றிக் கேட்டீர்கள். யோசித்தேன். வேண்டாம். கதைத்துவிட்டால் எல்லாவற்றையும் வாயாலேயே முடித்துவிடுவோம். பிறகு நான் யாருக்கு எழுதுவது? எனக்கு யார் எழுதுவார்? வளைவு பிழை என்று நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகு எனக்குக் கோபம் இல்லைதான். இருந்தாலும் சொன்ன சொல் சொல்தானே, அது அப்படியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ருக்கியாவும் பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள். மரக்கறிதான். படி ஏற வேண்டியதில்லை. நாம் இருவரும் கதைக்கவும் வேண்டியதில்லை, இராமலெட்சுமி நமக்கும் சேர்த்துக் கதைப்பாள். ஒன்றரை வருஷக் கதை வைத்திருக்கிறாள்.

அன்று யார் என்ன சொன்னார், நீங்கள் எத்தனை வடை சாப்பிட்டீர்கள் எல்லாவற்றையும் அடுத்த வாரம் உங்களுக்கு விவரமாக எழுதுகிறேன். 'ழ' அதற்குள் திருந்திவிடும்.

உங்களோடு கதைக்காத,
தங்கையா